புள்ளிக்கு ஒரு விரல்

ஏழாவது நிமிடத்தில் ஜரீனா ஒரு புள்ளியைத் தவறவிட்டார்.

தியாகராய நகரில், ஜவுளிக் கடைகளின் இரைச்சலுக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஒரு கூட்ட அறை. ஜரீனா அடிக்க அடிக்க எழுத்துகள் எதிர்ச் சுவரில் இருந்த பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தன. ‘மனுதாரர்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘மனுதாரர’ என்று நின்றது. கடைசி எழுத்தின் தலையில் புள்ளி இல்லை.

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நான்கு பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் நான் செய்த விசைப்பலகையை வாங்கித் தயாரிக்கலாமா என்று பார்க்க வந்த நிறுவனத்தார். விரல்களைப் பார்த்தார்கள், தமிழைப் பார்க்கவில்லை. கவனித்தவர்கள் இரண்டே பேர். அடித்துக்கொண்டிருந்த ஜரீனா ஒருவர். கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் ஒருவன்.

அவர் பின்னால் போய்த் திருத்திவிட்டு மறுபடி வேகம் பிடித்தார். நான் அவருடைய இடது கட்டைவிரலைப் பார்த்தேன். விசையை அழுத்திய பிறகு அது உடனே எழவில்லை. ஒட்டிக்கொண்டதுபோல ஒரு கணம் தங்கிவிட்டு, பிறகு எழுந்தது.

அது எனக்குப் புதிய செய்தி அல்ல. அன்று காலை பேருந்தைவிட்டு இறங்கியபோதே அவர் சொல்லியிருந்தார்.

“சார், இன்னிக்கு கட்டவெரலு மடங்கவே மாட்டேங்குது. உள்ள கொடையுது.”

“பத்து நிமிஷம்தானேம்மா” என்றேன்.

இன்னும் மூன்று நிமிடம் மீதி இருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை கல்லூரி வகுப்பறைகளைப் பற்றியும், பட்டறைகளைப் பற்றியும், என்னிடம் படித்தவர்களைப் பற்றியும் எழுதிவந்தேன். என்னைப் பற்றி நல்லவிதமாகத் தோன்றும்படியே எழுதினேன் என்று இப்போது படிக்கும்போது தெரிகிறது. விசைப்பலகை ஒன்று செய்தீர்களாமே, அதைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று அசோக் நகர் வாசகர் ஒருவர் இரண்டு முறை கடிதம் போட்டார். இரண்டாவது கடிதத்தை என் மனைவி ஜானகி, நான் எழுதும் மேசையில் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.  அதனால் எழுதுகிறேன்.

சைதாப்பேட்டையில் ஒரு துண்டு

நான் பொறியியல் கல்லூரியில் இயந்திர வடிவமைப்பு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆன பிறகு, வீட்டுப் பத்திரத்தில் என் தந்தையின் தலைப்பெழுத்து தவறாக இருந்ததைச் சரிசெய்ய ஒரு பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டது. அதற்காகச் சைதாப்பேட்டைக்குப் போனேன். நீதிமன்றம் இருக்கும் பகுதியில் டைப்பிங் கடைகள் வரிசையாக உண்டு. அதில் ஒரு கடையில் நுழைந்தேன். கடைக்காரர் பெயர் மோகன். அடித்துக் கொடுத்தவர் ஜரீனா. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும்.

அவருடைய மணிக்கட்டுகளுக்குக் கீழே ஒரு கைத்துண்டு இறுக்கமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. விசைப்பலகைக்கு அடியில் பழைய டைரிகள் இரண்டு. கைகள் தோளிலிருந்து உள்நோக்கிக் குறுகி, மணிக்கட்டில் வெளிநோக்கி வளைந்து, குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பவரின் கைகளைப் போல இருந்தன.

“எதுக்கும்மா இந்தத் துண்டு?”

“மணிக்கட்டுக்கு சார். இது இல்லாங்காட்டி சாயங்காலம் ஊட்டுப் பூட்ட தொறக்க முடியாது. எங்க ஊட்டுக்காரருதான் வந்து தொறக்கணும்.”

“நாற்காலி உயரம் பத்தாது. மேசையும் ஒரு சாண் இறங்கணும். வெளிச்சம் வேற பின்னாலேருந்து வருது.”

மோகன் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். “சார், அஃபிடவிட்டு வாங்க வந்தீங்களா, கடைக்கு வாஸ்து பாக்க வந்தீங்களா?”

ஜரீனா சிரித்தார். சிரித்தபோதும் விரல்கள் நிற்கவில்லை. அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். இவ்வளவு பேர் நாள் முழுக்க ஒரு தட்டையான பலகையில் மணிக்கட்டை வளைத்துக்கொண்டு அடிக்கிறார்கள், அதைச் சரிசெய்ய முடியாதா என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. நல்ல எண்ணம்தான். என் தப்பு அங்கே தொடங்கவில்லை.

ஆம்பளச் செருப்பு

முதலில் அட்டையில் செய்தேன். பிறகு களிமண்ணில் பிடித்தேன். அதன் பிறகு ஒட்டுப்பலகையில் அறுத்தேன். அடையாற்றில் ஒரு மரப் பட்டறையில் ராவித் தேய்த்துக் கொடுத்தார்கள். விசைகளை ரிச்சி தெருவில் பொறுக்கி வந்து நானே பற்றவைத்தேன். பலகை இரண்டு பாதியாக இருக்கும். ஒவ்வொரு பாதியும் வெளிப்பக்கம் சரிந்து, ஓட்டுக் கூரையின் இரண்டு சரிவுகளைப் போல நிற்கும். கை தோளிலிருந்து நேராக இறங்கி அதன்மேல் அமரும். மணிக்கட்டு வளையாது. அதற்கு ‘இறகு’ என்று பெயர் வைத்தேன்.

கடையில் கொண்டுபோய் வைத்ததும் மோகன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இன்னா சார், தேங்கா ஒடச்சி வச்சாமாரி ரெண்டா பொளந்து வச்சிகீறீங்க. இதுல எந்த மூடி எங்களுக்கு, எந்த மூடி சாமிக்கு?”

ஜரீனா கைகளை வைத்துப் பார்த்தார். தோளைத் தளர்த்தினார். முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. பிறகு இடது கட்டைவிரலை நீட்டினார். இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

“சார், இது யாரு கைக்கு அளவெடுத்தது? ஆம்பளச் செருப்ப மாட்டிக்கினாமாரி கீது.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

யார் கைக்கு அளவெடுத்தது என்று சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் நான் காலையில் நடக்கப் போகும் பூங்காவுக்கு வரும் நண்பர்களின் கைகள். முப்பது, முப்பத்தைந்து கைகள் இருக்கும். வங்கியில் இருந்தவர்கள், தலைமைச் செயலகத்தில் இருந்தவர்கள், என்னைப் போன்ற வாத்தியார்கள். எல்லோரும் ஆண்கள். காகிதத்தில் கையை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். ஒருவர் கைரேகை பார்க்கிறேன் என்று நினைத்துத் தன் மகன் வெளிநாடு போவானா என்று கேட்டார். சைதாப்பேட்டை வரிசையில் தட்டச்சு செய்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது என் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. பூங்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அந்தச் செருப்புப் பேச்சு வந்த அன்றே திருத்தியிருக்கலாம். ஒரு வார வேலை. குறிப்பேட்டில் ‘பழகிவிடும்’ என்று எழுதினேன்.

புள்ளி

இந்த இடத்தில் கட்டைவிரலுக்கு அங்கே என்ன வேலை என்று சொல்ல வேண்டும்.

பழைய தமிழ்த் தட்டச்சு முறையில் புள்ளி வலது சுண்டுவிரலின் கீழ் இருக்கும். நீதிமன்ற வரிசையில் இருப்பவர்கள் அந்த முறையில் பழகியவர்கள். கணினி வந்த பிறகும் அதே முறையில்தான் அடிக்கிறார்கள். கையிலேயே பலம் குறைந்தது சுண்டுவிரல். ஜரீனாவின் வலது சுண்டுவிரல் கணுவில் காய்த்திருந்தது. அதை விடுவிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விசைப்பலகை வடிவமைப்பைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில், ஆங்கிலம் அடிக்கும் கைகளைப் பற்றி எழுதியவை. கட்டைவிரல் பலமானது, இடது கட்டைவிரல் நாள் முழுக்கச் சும்மா இருக்கிறது, எப்போதாவது வரும் வேலையை அதற்குக் கொடுக்கலாம் என்று அவை சொல்லின. எனக்குப் பளிச்சென்று பட்டது. புள்ளியை எடுத்து இடது கட்டைவிரலின் கீழ் வைத்தேன். நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். “புள்ளிக்குத் தனியாக ஒரு விரலையே கொடுத்துவிட்டேன்.”

தமிழில் புள்ளி எப்போதாவது வருவதா? மனுக்களில் ஓயாமல் வரும் ‘சமர்ப்பிக்கப்படும்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு எழுத்து. அதில் ஐந்தின் தலையில் புள்ளி. ஜரீனா ஒரு நாளில் எத்தனை பக்கம் அடிப்பார் என்று எனக்குத் தெரியும். அதில் எத்தனை முறை அந்தக் கட்டைவிரல் தன் அளவுக்கு மீறி நீண்டு, அழுத்தி, திரும்பும் என்று பெருக்கிப் பார்க்க இயந்திர வடிவமைப்பு தேவையில்லை. நான்காம் வகுப்புக் கணக்கு போதும். நான் போடவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் நல்லது நடந்தது. மணிக்கட்டு வலி போய்விட்டது. துண்டு போயிற்று, டைரிகள் போயின. “சுண்டுவெரலு பஞ்சுமாரி கீது சார்” என்றார். வீட்டுப் பூட்டைத் தானே திறந்ததாக மோகனிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கடைகளிலிருந்து வந்து பார்த்தார்கள். என் வாழ்நாளில் நான் செய்த எதுவும் ஒரு மனிதருக்கு அவ்வளவு நேராகப் பயன்பட்டதில்லை.

மூன்றாவது வாரம் புதிதாக ஒரு சொல் வந்தது.

உண்டு / இல்லை

வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் ஒரு படிவத்தோடு கடைக்குப் போவேன். நான் தயாரித்த படிவம். ஏழு கேள்விகள். நான்காவது கேள்வி: ‘வலி: உண்டு / இல்லை’. நான் கேட்டு, நான் குறித்து, கடைசியில் ஜரீனா படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை கேட்டேன். “வலி ஏதாவது?”

இடது கட்டைவிரலின் அடிமூட்டை வலது கையால் பிடித்துக்கொண்டார். “வலின்னு சொல்ல முடியாது சார். கொடைச்சல்.”

“வலி இல்லையே?”

“வலி இல்ல. கொடைச்சல்தான். உள்ளுக்குள்ள.”

வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் மொழியில் உடம்பு ஒரே சொல்லால் பேசுவதில்லை. குத்துவது வேறு, கடுப்பது வேறு, உளைவது வேறு, மதமதப்பது வேறு, குடைவது வேறு. கடப்பாரை காலில் விழுந்தால் வலி. நிற்காமல், ஆறாமல், எலும்புக்குள் ஏதோ புகுந்து துருவுவது குடைச்சல். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் எந்த வைத்தியரும் குடைச்சல் என்றுதான் சொல்வார்.

எனக்கும் தெரியும். படிவத்தில் ‘இல்லை’ என்பதற்கு நேராகக் குறியிட்டேன். மனம் கொஞ்சம் உறுத்தியது. அதனால் ஓரத்தில் பென்சிலால் ‘குடைச்சல்’ என்று சிறியதாக எழுதினேன். நான்காவது, ஐந்தாவது வாரங்களிலும் அப்படியே. ஆறாவது வாரத்திலிருந்து பென்சிலையும் எடுக்கவில்லை. அவர் சொல்வார், நான் ‘இல்லை’ என்று குறிப்பேன், அவர் கையெழுத்திடுவார்.

வீட்டில் ஒருநாள் ஜானகி அந்தப் படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“இதென்ன ஓரத்துல, குடைச்சல்னு?”

“அந்தம்மா சொன்னது.”

“அப்புறம் வலி இல்லைன்னு எழுதிண்டிருக்கேளே. குடைச்சல்னா வலி இல்லையா? என் முழங்கால்ல வர்றது என்னவாம்?”

“வலி இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னு சொன்னா. கேட்டதுக்குப் பதில்.”

“அப்போ கேள்விய மாத்துங்கோ. படிவத்தை எழுதினது நீங்கதானே.”

“நடுவுல மாத்தினா சோதனைக்கு மதிப்பு இருக்காது, ஜானு. முறைன்னு ஒண்ணு இருக்கு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். முறை என்று நான் சொன்னது பொய். அந்த வாரம்தான் நிறுவனத்திலிருந்து கோபிநாத் என்பவர் தொலைபேசியில் பேசியிருந்தார். தயாரிப்புப் பிரிவின் தலைவர். சோதனைப் பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பத்திரப்படுத்திய பதிவுகள் பரிசுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எழுபது வயதை நெருங்கும் மனிதனுக்கு ஒரே ஒரு பொருளாவது தன் பெயரோடு உலகத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை. இதைவிடக் கௌரவமான காரணம் எதையும் நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை.

கூட்டத்துக்கு முன்தினம் மாலை அந்த மூன்று பென்சில் சொற்களையும் அழிப்பானால் அழித்தேன்.

மீதி மூன்று நிமிடம்

இனி அந்த அறைக்குத் திரும்புகிறேன்.

எட்டாவது நிமிடத்தில் ஜரீனா ஒரு தந்திரம் செய்தார். கட்டைவிரலைத் தூக்கிவிட்டு, ஆள்காட்டி விரலைக் கீழே இறக்கிப் புள்ளியை அடித்தார். கை முழுவதும் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி ஏறியது. வேகம் குறைந்தது. கோபிநாத் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். ஜரீனாவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். கட்டைவிரலை மறுபடி விசைக்குக் கொண்டுவந்தார்.

ஒன்பதாவது நிமிடத்தில் அவருடைய நெற்றி வேர்த்தது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்த அறை. உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டார். ‘போதும்’ என்று நான் சொல்லியிருக்கலாம். கடிகாரம் என் கையில்தான் இருந்தது. ஒரு நிமிடம் முன்னதாகவே ‘நேரம் முடிந்தது’ என்று சொல்லியிருந்தால்கூட அங்கே எவருக்கும் தெரிந்திருக்காது. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் இன்னொரு புள்ளி விழவில்லை. திருத்தினார். இன்னொன்று. திருத்தினார்.

“நேரம்” என்றேன்.

கை தட்டினார்கள். பழைய பலகையில் இவருடைய வேகத்தைவிட இது கொஞ்சம் கூட என்று நான் சொன்னேன். அது உண்மைதான். கோபிநாத் எழுந்து ஜரீனாவிடம் வந்தார். மரியாதையான மனிதர்.

“பன்னெண்டு வாரமா யூஸ் பண்றீங்கன்னு சார் சொன்னார். ஃப்ராங்க்கா சொல்லுங்க மேடம், கையில ஏதாவது ப்ராப்ளம் இருக்கா?”

ஜரீனா என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை அல்ல, குற்றம் சாட்டும் பார்வையும் அல்ல. எந்தச் சொல்லைச் சொல்வது என்று என்னிடம் கேட்ட பார்வை. நான் மேசையில் இருந்த படிவங்களை அடுக்கத் தொடங்கினேன்.

“வலி இல்ல சார்” என்றார்.

என் படிவத்தின் சொல்லையே சொன்னார்.

தேநீர் வந்தது. அவர் இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு வலது கையால் வாங்கிக்கொண்டார். நீதிமன்ற வரிசையில் இருக்கும் கடைகளுக்குப் பன்னிரண்டு பலகைகள் முதலில் செய்து தருவது, அவற்றை வார்க்க மூன்று வாரத்தில் அச்சு வெட்டுவது என்று பேசி முடித்தார்கள்.

திரும்பும் பேருந்தில் ஜரீனா கேட்டார். “சார், திங்கக்கெழமயிலேருந்து கொஞ்ச நாளிக்கு பழைய போர்டயே மாட்டிக்கட்டுமா? ஆறனதும் உங்குளுது போட்டுக்கறேன்.”

“அச்சு வெட்டும் வரைக்கும் சோதனை நடக்கணும்மா. மூணு வாரம்தான்.”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  இறங்கும்போது “சரி சார்” என்றார்.

இந்தத் தொடரில் நான் எழுதிய எல்லா வாரங்களிலும் சேர்த்து, எனக்குத் திருப்பிக் கிடைக்க வேண்டும் என்று நான் விரும்பும் ஒரே ஒரு வாக்கியம் அந்தப் பேருந்தில் நான் சொன்னதுதான்.

பூட்டிக்கொண்ட விரல்

கூட்டத்துக்குப் பிறகு மூன்றாவது வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, ஒரு வாடகை வழக்கின் மனுவை அடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கட்டைவிரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. மறுகையால் பிடித்து இழுத்துத்தான் நிமிர்த்த முடிந்தது. மருத்துவர் தசைநாரைச் சுற்றியுள்ள உறை வீங்கிப்போயிருக்கிறது என்றார். கட்டை வைத்துக் கட்டி ஆறு வாரம் அசைக்கக் கூடாது, அதற்கும் சரியாகாவிட்டால் கத்திதான் என்றார்.

மோகன் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். “சார், நல்ல பொண்ணு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா கோர்ட்டு தேதி எனக்காவ நிக்காது. ஆறு வாரம் அந்த சீட்ட சும்மா வச்சிக்கினு நான் இன்னா பண்றது?”



பின்னால் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டை வைத்துக் கட்டியது போதவில்லை. சிறிய அறுவை சிகிச்சை நடந்தது. கட்டைவிரல் இப்போது முக்கால்வாசி மடங்குகிறது. பொத்தான் போட முடிகிறது, நாள் முழுக்க அடிக்க முடிவதில்லை. மோகன் கடையில் அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கிறார். ஜரீனா திருவான்மியூரில் ஒரு வழக்கறிஞரிடம், மற்றவர்கள் அடித்த மனுக்களைப் படித்துப் பிழை திருத்திக் கொடுக்கிறார். நிறுவனத்தார் இறகுக்கு அச்சு வெட்டவில்லை. அவர்கள் வெட்டாததற்குக் காரணம் அடுத்து வருவது.

அவர் வீட்டுக்கு வந்தது

விரல் பூட்டிக்கொண்டதற்கு மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ஜரீனா மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்தார். அதற்குமுன் அவர் வந்ததில்லை. இடது கையில் கட்டு. ஜானகி உள்ளே அழைத்து உட்காரவைத்து மோர் கொடுத்தாள்.

“டாக்டர் எப்பலேருந்துன்னு கேட்டாரு சார். எனக்கு சரியா சொல்லத் தெரில. உங்க பாரத்துல இருக்குமேன்னு வந்தேன்.”

நான் உள்ளே போய்ப் படிவங்களை எடுத்து வந்தேன். பதினான்கு தாள்கள். கொடுக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று அலமாரியின் முன் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். நான்காவது கேள்வி மட்டும். இல்லை, இல்லை, இல்லை. மூன்றாவது தாளுக்குத் திரும்பி வந்தார். ஓரத்தில் விரலால் தடவினார். எழுந்து சன்னலருகே போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பென்சில் அழியும், அழுத்தம் அழியாது.

“அழிச்சிட்டீங்களா சார்?”

“ஆமாம்மா.”

“எனக்கு எதுவும் ஆகலன்னு நெனச்சா அழிச்சீங்க?”

“இல்லை. ஆகுதுன்னு தெரிஞ்சுதான்.”

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

“நான் மொத தபா சொல்லசொல்ல நீங்க பென்சில்ல எழுதனத பாத்தேன். அப்பால ‘இல்லை’ல டிக்கு போட்டீங்க. மிசினப் பத்தியே பாடம் எடுத்தவரு, அவரே இல்லன்னு போடறாரு, அப்ப நமக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினேன். நீங்க உண்டுன்னு போட்டு இருந்தா நானே அத கழட்டி வச்சிட்டு பழச மாட்டிக்கினு இருப்பேன் சார். யாரயும் கேட்டு இருக்க மாட்டேன்.”

ஜானகி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.  மன்னிப்பு என்ற சொல் என் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவர் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் சொல்லவில்லை.

“அச்சு என்னிக்கு வெட்டறாங்க?” என்று கேட்டார்.

“நாளைக்கு.”

“பன்னெண்டு கடைல ஒண்ணு எந்தங்கச்சி உக்கார்ற கடை. கம்பெனிக்கு எழுதுங்க சார்.”

“எழுதித் தரேன்மா. இன்னிக்கே அனுப்பிடறேன்.”

“நீங்களா எழுத வேணாம். நான் சொல்றேன், நீங்க அடிங்க.”

வீட்டில் கணினியோடு இணைத்திருந்தது, எனக்கென்று செய்துவைத்திருந்த இன்னொரு இறகுதான். அதன் முன் உட்கார்ந்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அதுவரை நான் அந்தப் பலகையில் தமிழில் ஒரு முழுப் பக்கம் அடித்ததே இல்லை. சோதிக்க இரண்டு வரி, காட்ட இரண்டு வரி, அவ்வளவுதான். எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தேன். இடது கட்டைவிரல் மட்டும் தேடவில்லை. புள்ளி விசை அதன் அடியில் கச்சிதமாக இருந்தது. என் கைக்கு அளவெடுத்ததுதானே.

ஜரீனா பின்னால் நின்று, ஆயிரம் மனுக்கள் அடித்தவரின் தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “கீழே கையொப்பமிட்டுள்ள நான், மேற்படி விசைப்பலகையை வடிவமைத்தவன்.” நான் அடித்தேன். “மேற்படி சோதனைக் காலத்தில் தட்டச்சருக்கு இடது கட்டைவிரலில் ஏற்பட்ட பாதிப்புக்கு மேற்படி விசைப்பலகையே காரணம்.” அடித்தேன். சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது. ஜானகி போய் அணைத்துவிட்டு மறுபடி வந்து அதே இடத்தில் நின்றாள்.

“தட்டச்சர் தொடர்ந்து பன்னிரண்டு வாரங்கள் தெரிவித்த குடைச்சலை, வலி இல்லை என்று நான் அறிந்தே பதிவு செய்தேன். முற்றுப்புள்ளி.”

அடித்தேன். முற்றுப்புள்ளி வைத்தேன். அவர் குனிந்து, திரையில் வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்தார். மோகன் கடையில் எல்லாத் தாளையும் அப்படித்தான் படிப்பார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“சார், ‘அறிந்தே’ன்னு சொன்னேன்.”

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தேன். ‘அறியாமல் பதிவு செய்தேன்’ என்று இருந்தது.

நான் வேண்டுமென்று அடிக்கவில்லை. அப்படித்தான் இன்றும் நினைக்கிறேன்.

“கை தவறிடுச்சும்மா.”

“எல்லாருக்கும் கரீக்டா அந்த எடத்துலதான் சார் தவறும். பதினஞ்சு வருசமா பாத்துக்கினுதான கீறேன்.” விரலைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. “‘அறி’ இருக்கட்டும். மிச்சத்த அழிங்க.”

மூன்று எழுத்தை அழித்தேன். ‘ந’ அடித்தேன். கட்டைவிரலால் புள்ளி வைத்தேன். ‘தே’ அடித்தேன்.

அவர் மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வரியைச் சொன்னார்.